பொய்விரல்

பனிச்சுரங்கத்தின் பொதுக் குளியலறையில் குமணன் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவனுடைய வலது காதுக்குப் பின்னால் வெதுவெதுத்தது. மணி ஆறு இருபது. வடிவு எழுந்துவிட்டாள், எழுந்ததும் புருஷன் எங்கே இருக்கிறான் என்று பார்த்துவிட்டாள் என்று அதற்கு அர்த்தம். வரிசையாக நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த மற்ற பதினோரு பேருக்கும் ஏறக்குறைய அதே நேரத்தில் காது வெதுவெதுத்தது. அவர்களில் கல்யாணமாகாத இரண்டு பேரை ஊரிலிருந்த அம்மாக்கள் பார்த்தார்கள்.

சிலர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பதில் மரியாதை செய்தார்கள். அதற்கு இடது மணிக்கட்டை வலது கட்டைவிரலால் நாடி பார்ப்பதுபோல் அழுத்தினால் போதும். தோலுக்கடியில் பதித்திருக்கும் சில்லில் குகையூரின் வரைபடம் மங்கிய பச்சையில் விரியும், அதற்குள் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அதுதான் துணைப்புள்ளி. இங்கே அழுத்தினால் அங்கே அவள் காதுக்குப் பின்னால் வெதுவெதுக்கும். இப்படி ஒருமுறை அழுத்துவதற்குப் பார்வை என்று பெயர். ஒரு நாளைக்கு இருபது பார்வை சட்டம். முப்பதைத் தாண்டினால் அன்பு என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

குமணன் அழுத்தவில்லை. அவனுக்காக அவனுடைய கைப்பட்டை அழுத்திக்கொண்டது.

அந்தச் சட்டத்தை வெட்டிவேலை என்று ஒதுக்கிவிட முடியாது. குகையூர் என்பது சந்திரனில் எரிமலைக்குழம்பு ஓடி வற்றிய ஒரு நீண்ட குகைக்குள் கட்டிய ஊர். ஒன்பதாயிரம் பேர்; பெரும்பாலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் வாரிசுகள். ஊர் உண்டான புதிதில், காற்றுக்குழாய் ஆய்வாளர் ஒருவர் கிழக்குச் சுவருக்குப் பின்னால் கசிவில் மாட்டி இறந்துபோனார். அவருடைய இருப்பிடத்தைக் கருவி நிமிடம் தவறாமல் பதிந்துகொண்டுதான் இருந்தது. 'இருக்கிறார், இடத்தில் இருக்கிறார்' என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தது. அதன் பிறகு ஊர் கூடிப் பேசியது. இடத்தைக் காட்டக் கருவி போதும், கவலைப்பட ஓர் ஆள் வேண்டும் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து குகையூரில் ஒவ்வொருவரையும் இன்னொருவர் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் இல்லற நலப் பிரிவிலிருந்து அலுவலர் வீடு தேடி வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "என்ன பிரச்சினை?" என்று கேட்பார்.

பிள்ளைகளை அம்மாக்கள் பார்ப்பார்கள். கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் புள்ளி மாற்றுவார்கள். பெண்ணின் அம்மா மகளைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் மணிக்கட்டை மாப்பிள்ளையின் மணிக்கட்டோடு சேர்த்து வைப்பாள். அந்த நொடியில் அவளுடைய வரைபடத்திலிருந்து மகள் காணாமல் போவாள். குகையூர்க் கல்யாணங்களில் தாலி கட்டும்போது யாரும் அழுவதில்லை, இதற்குத்தான் அழுவார்கள். வடிவின் அம்மா அழுத அழுகையைப் பார்த்துக் குமணன் தலையைக் குனிந்துகொண்டான். இவளை ஒரு குறையும் இல்லாமல் பார்க்க வேண்டும் என்று அவன் அன்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டான்.

சத்தியத்தை அவன் காப்பாற்றினான், கொஞ்சம் தாராளமாகவே. நாளைக்கு நூற்றுப்பத்து, நூற்றிருபது பார்வை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அன்றைய எண்ணிக்கையைக் காட்டும் சின்னப் பலகை உண்டு. எதிர்வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தன் கணவரிடம் பெருமூச்சு விடுவாள். பெருமூச்சு விடாதவள் வடிவு ஒருத்திதான். அவளுக்குப் பாசிப்பண்ணையில் தரம் பார்க்கும் வேலை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் விசாரணை தொடங்கும்.

"நேத்து நாலாம் சந்துல பதினோரு நிமிஷம் நின்னியே, என்ன?"

"செருப்பு வார் அறுந்துபோச்சுங்க."

"அதுக்குப் பதினோரு நிமிஷமா?"

"ஊக்கு இல்ல. ஒருத்திகிட்ட கேட்டு வாங்கிக் குத்தினேன்."

"யார்கிட்ட?"

குமணன் கெட்டவன் இல்லை. கைநீட்டியதில்லை, சந்தேகம் என்று வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. புள்ளி எங்கே என்று மட்டும்தான் சொல்லும், ஏன் என்று சொல்லாது. அந்த ஏனுக்குப் பதில் தெரியும்வரை அவனால் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவ்வளவு போதும், ஒரு வீட்டை மூச்சுமுட்ட வைக்க.

இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் வடிவு சோற்றை அளைந்துகொண்டே சொன்னாள்: "என்னைக் கொஞ்சம் விடுங்க. ஒரே ஒரு நாளாவது நான் எங்க இருக்கேன்ங்கறது எனக்கு மட்டும் தெரியணும்."

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. கெஞ்சினாள். அது அவனை அறைந்த மாதிரி இருந்தது. விடத்தான் நினைத்தான், ஆனால் எப்படி விடுவது? எண்ணிக்கை இருபதுக்குக் கீழே போனால் வாசல் பலகை சிவக்கும், அலுவலர் வருவார், ஊர் வாயில் அவல் ஆகும். அந்தக் கவலையில் சுரங்கத்துக்கு வந்தவனை மரியசூசை கண்டுகொண்டார். துளைக்கருவி ஓட்டுவதில் அவனுக்கு மூத்தவர். கருவி அதிர்ச்சி தாங்க எல்லோரும் மணிக்கட்டில் ரப்பர் பட்டை போட்டிருப்பார்கள். அவருடைய பட்டைக்கு உள்பக்கம் மிருதுவாக, உடம்புச் சூட்டில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. நாளுக்கு முப்பது தடவை, ஒழுங்கில்லாத இடைவெளியில், அது தானாக அழுத்தும். சுரங்கத்தில் அதற்குப் பொய்விரல் என்று பெயர்.

"வே, இதப் போட்டுக்கோ. நான் அஞ்சு வருசமாப் போட்டிருக்கேன். எம்புருசன மாதிரி உண்டான்னு எம்பொஞ்சாதி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதா."

"மாட்டிக்கிட்டா என்ன அண்ணாச்சி?"

"யாரு வந்து பாக்கப் போறா? எல்லாவனும் போட்டிருக்கான்."

குமணன் போட்டுக்கொண்டான். வடிவிடம் சொல்லவில்லை. சொன்னால், அலுவலர் கேட்கும்போது அவளும் பொய் சொல்ல வேண்டியிருக்கும். அதோடு, வாங்குகிறவருக்கே தெரியாமல் கொடுப்பதில் ஒரு பெருந்தன்மை இருப்பதாகவும் அவனுக்குப் பட்டது. அன்றிலிருந்து அவள் எங்கே போனாலும் அவனுக்குத் தெரியாது. அவள் கேட்ட சுதந்திரம் முழுசாக அவள் கையில் இருந்தது; இருக்கிறது என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

முதல் சில மாதங்கள் கஷ்டப்பட்டான். கட்டைவிரல் தானாக மணிக்கட்டுக்குப் போகும், இழுத்துப் பிடித்து வேறு வேலை கொடுப்பான். அப்போது அது ஒரு விரதம்போல இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு, உள்ளதைச் சொன்னால், வசதியாகவும் இருந்தது. பட்டைக்கடியில் யாரும் பார்க்காத வரைபடம் நாளுக்கு முப்பது தடவை ஒளிர்ந்து அணைந்தது.

இதில் அவன் எதிர்பாராத சிக்கல் ஒன்று முளைத்தது. அவளிடம் எதையும் கேட்க முடியாமல் போயிற்று. 'இன்னிக்கு எங்க போனே?' என்று சாதாரணமாகக் கேட்டாலே, இவன் பார்க்கவில்லை என்பது வெளியே வந்துவிடும். அதனால் கேள்வியையே விட்டுவிட்டான். குகையூரில் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவும் இல்லை. போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பும் பழக்கம் அங்கே இரண்டு தலைமுறைக்கு முன்பே ஒழிந்துவிட்டது. போவதும் வருவதும்தான் தெரிகிறதே, சொல்வானேன்? பத்து நாள் சுரங்கம், ஐந்து நாள் வீடு என்று குமணனின் காலம் ஓடியது. அந்த ஐந்து நாளில் இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள், துணி மடித்தார்கள், பாசிக்குழம்பில் உப்புப் பற்றிப் பேசினார்கள்.

வடிவின் பார்வை மட்டும் குறையவே இல்லை. வேலைக்கு நடுவே காது வெதுவெதுக்கும்போதெல்லாம் அவனுக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு. பாவம், அவள் உண்மையாகப் பார்க்கிறாள், நாம் ரப்பரால் பார்க்கிறோம் என்று தோன்றும். அப்புறம், அவள் கேட்டதைத்தானே கொடுத்திருக்கிறோம் என்று தேறிக்கொள்வான்.

அப்படியே ஆறு வருடம் போயிற்று. அந்த முறை சுரங்கத்தில் ஒன்பதாம் நாள். நாலு மணித் தேநீர் இடைவேளையில் குமணனுக்கு ஓர் அழைப்பு வந்தது. உணவுக்கூடமே அமைதியானது. வேலை நாளில் தம்பதிகள் பேசிக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை; சாவு, பிறப்பு இரண்டுக்கும்தான் கூப்பிடுவார்கள். குமணன் தேநீரை அப்படியே வைத்துவிட்டு வெளியே நடைவழிக்கு ஓடினான்.

"என்ன வடிவு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்லீங்க. சும்மாத்தான் கூப்பிட்டேன்." அவள் குரலில் சிரிப்பு இருந்தது. அப்படி ஒரு சிரிப்பை அவன் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன. "நாலரை வண்டிக்கு ஏறிருவேன். நாளைக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடி வீட்டுல இருப்பேன்."

"எங்கேருந்து?"

வாய் தவறி வந்துவிட்டது. கைப்பேசியைக் காதில் வைத்ததும் பேர்கூடச் சொல்லாமல் எங்க இருக்கே என்று ஆரம்பித்த பூமிக்காரர்களின் பேரன்தான் அவனும். ஆனால் குகையூரில் ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் கேட்கக்கூடாத கேள்வி அது ஒன்றுதான்.

வடிவு அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டாள். "ஒம்போது நாளாக் கேக்காததை இப்பக் கேக்கறீங்களாக்கும்! தெரியாத மாதிரி."

அவளே தொடர்ந்தாள்.

"நீங்க சுரங்கத்துக்குப் போன அன்னிக்கே கிளம்பிட்டேங்க. மறுமுகத்துக்கு வண்டி ஏறினேன். திரும்பி வர்ற எண்ணமே இல்ல, அதையும் சொல்லிடறேன். முன்ன கேள்வி கேப்பீங்க. அப்புறம் கேள்விய நிறுத்திட்டீங்க, பாக்கறதக் கொறைச்சீங்களே ஒழிய நிறுத்தல. பேசாமப் பாக்கறது கேள்வியவிடக் கொடுமையா இருந்துச்சு. குளிக்கப் போனா சுடுது, அம்மா வீட்டுக்குப் போனா சுடுது. போதும்னு கிளம்பிட்டேன்."

சந்திரனின் மறுமுகத்தில் வானொலித் தொலைநோக்கிக் கூடமும் அதை ஒட்டி ஒரு தங்கும் விடுதியும் உண்டு. குழல்வண்டியில் பதினோரு மணி நேரம். குமணன் நடைவழிச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"புள்ளி ஊரைத் தாண்டுறதப் பாத்ததும் கூப்பிட்டுக் கத்துவீங்கன்னு நினைச்சேன். காது பாட்டுக்குச் சுட்டுச்சு, நீங்க கூப்பிடல. மறுநாளும் கூப்பிடல. அஞ்சாம் நாள்தான் எனக்கு உறைச்சுது. இவரு பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. பாத்துக்கிட்டே விட்டுட்டாரு. போற இடத்துக்குப் போகட்டும், வர்றப்ப வரட்டும்னு இருக்காரு. அன்னிக்கு ரொம்ப நேரம் அழுதேங்க. இப்படி ஒரு மனுஷன விட்டுட்டு எங்க போறதுன்னு இருந்துச்சு."

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஏறி வா, ஜாக்கிரதை என்று சொல்லியிருக்கலாம். பின்னாளில் அந்த நடைவழியைத் தாண்டும்போதெல்லாம் குமணன் இந்தச் சொற்களை முணுமுணுத்துப் பார்த்திருக்கிறான். அன்று அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் இவ்வளவு சின்ன விஷயத்துக்கே இப்படி உருகுகிறாளே, முழு விஷயமும் தெரிந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்றுதான் தோன்றியது.

"வடிவு, ஒண்ணு சொல்றேன், கேளு. நான் பாக்கவே இல்ல."

"என்ன?"

"நீ அங்க போனது எனக்குத் தெரியாது. நீ சொல்லித்தான் தெரியும்."

"ஒம்போது நாளாவா?"

"ஒம்போது நாளா? ஆறு வருஷமா!" அவன் குரலில் பெருமை பொங்கியது. "என்னை விடுங்கன்னு ஒரு நாள் கேட்டியே, ஞாபகம் இருக்கா? அதுக்கு அடுத்த மாசமே விட்டுட்டேன். உன்கிட்டச் சொல்லல, அவ்வளவுதான். நீ இத்தனை நாளும் உன் இஷ்டத்துக்குத்தான் இருந்திருக்க."

"அப்ப என் காது சுட்டது?"

"அது ஒரு பட்டை. பொய்விரல்னு சொல்லுவாங்க. அதுவா அழுத்திக்கும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வண்டி நிலையத்தின் அறிவிப்பு ஒன்று மட்டும் தூரத்தில் கேட்டது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று குமணன் சில நொடிகள் நம்பினான்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி, பொங்கலுக்கு மறுநாள்," என்றாள் வடிவு. சிரிப்பு போயிருந்தது. "மருத்துவக் கூடத்துல மூணாம் தளத்துல இருந்தேன். காலைலேருந்து சாயந்திரம் வரைக்கும். அதுவும் உங்களுக்குத் தெரியாதா?"

மூன்றாம் தளம் பிள்ளைப்பேறு தளம். குகையூரில் எல்லோருக்கும் தெரியும்.

"வடிவு..."

"பத்து வாரம். நீங்க வந்ததும் சொல்லலாம்னு வச்சிருந்தேன். தங்கல. அங்க படுத்துக்கிட்டிருந்தப்போ பதினாலு தடவ காது சுட்டுச்சு. எண்ணிக்கிட்டே இருந்தேன். வேற பிடிமானம் இல்ல எனக்கு. பாக்கறாரு, மூணாம் தளம்னு தெரிஞ்சிருக்கும், புரிஞ்சுக்கிட்டிருப்பாருன்னு இருந்துச்சு. ராத்திரி நீங்க வந்தீங்க. ஒரு வார்த்த கேக்கல. ரசம் வச்சு, சோத்தக் கரைச்சுக் கொண்டுவந்து குடுத்தீங்க. கேட்டா நான் உடைஞ்சுபோயிருவேன்னுதான் கேக்காம இருக்கீங்கன்னு நினைச்சேன். பாக்கறது எனக்குப் பிடிக்கலதாங்க. ஆனா அந்த ரசத்தை நினைச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் இருந்தேன்."

குமணனுக்கு அந்த நாள் நினைவிருந்தது. பொங்கலுக்கு மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலைவலி என்று அவனாக நினைத்துக்கொண்டான். ரசம் வைத்தது, அவனுக்குச் சளி பிடித்திருந்ததால்.

அதைச் சொல்லும் துணிவு அவனுக்கு இல்லை. "நீ சொல்லியிருக்கலாமே வடிவு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றான். அழுகை வந்துவிட்டது.

"பாத்துட்டீங்கன்னுல்ல இருந்தேன். பாத்தவர்கிட்ட என்னத்தச் சொல்ல?"

அவனுக்குள் அப்போது ஓர் அற்பமான கேள்வி எழுந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம், கேட்டான். "நீ என்னைப் பாத்தது? அதுவும் இந்த மாதிரி..."

"நான் ஒவ்வொண்ணும் என் விரலாலதான் பாத்தேன்," என்றாள். "என்னை விடுங்கன்னு உங்ககிட்டக் கெஞ்சினவ, ஒரு நாள்கூட உங்கள விடல. அதையும் சொல்லிக்கணும்ல. வண்டி வந்துருச்சுங்க."

"ஏறிருவேல்ல? வடிவு, ஏறிருவேல்ல?"

தொடர்பு அறுந்திருந்தது.

குமணன் பட்டையைப் பிய்த்து நடைவழியில் எறிந்தான். ஆறு வருடம் வெளிச்சம் படாத தோல் வெளுத்துப் போயிருந்தது. குமிழ் அழுத்திய இடத்தில் லேசாகக் குழி விழுந்திருந்தது. அந்தக் குழியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். வரைபடம் குகையூரைத் தாண்டி விரிந்து விரிந்து மறுமுகம் வரை போய் நின்றது. சிவப்புப் புள்ளி நிலையத்தின் நடைமேடையில் இருந்தது. நாலு இருபத்தெட்டு. மறுபடி அழுத்தினான். நாலு முப்பது. நாலு முப்பத்திரண்டு. வண்டி கிளம்பியிருக்கும். புள்ளி இருந்த இடத்தில்தான் இருந்தது. அடுத்த வண்டி மறுநாள் காலையில்தான். எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தது. உட்கார்ந்திருக்கிறாளா நிற்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை. தெரிந்துவிடும் என்பதுபோல அழுத்திக்கொண்டே இருந்தான். உள்ளேயிருந்து மரியசூசை வந்து எட்டிப் பார்த்து, அவன் முகத்தைக் கண்டதும் திரும்பிப் போனார்.

ஐந்து மணிக்கு வடிவிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது. "அந்தப் பொய்விரலை இப்பவாவது கழட்டுங்க. ஓயாம சுட்டுக்கிட்டே இருக்கு."

பட்டை அவன் காலடியில் கிடந்தது. அரை மணி நேரத்தில் நாற்பத்து மூன்று முறை பார்த்தது அவனேதான். ஆறு வருடத்தில் முதல் நாற்பத்து மூன்று பார்வைகள். "அப்பவே கழட்டிட்டேன். இது நான்தான்" என்று எழுதி அனுப்பினான். அனுப்பிய பிறகுதான், இதை அவள் எப்படி நம்புவாள் என்று யோசித்தான். சூட்டில் வித்தியாசம் கிடையாது. அவன் விரலும் ரப்பரும் அவளுக்கு ஒன்றுதான். ஆறு வருடம் ஒன்றாகத்தானே இருந்தது. நிறுத்தினால்தான் நம்புவாள்.

நிறுத்தினான். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு சுரங்கத்தின் குளிர்ந்த தரையில் உட்கார்ந்தான். ஆறு வருடம் பார்க்காமல் இருக்க முடிந்தவனுக்கு இப்போது ஆறு நிமிடம் இருக்க முடியவில்லை. ஒருவேளை எழுந்திருப்பாளோ, விடுதிக்குத் திரும்பிப் போகிறாளோ, துணைக்கு அங்கே யார் இருக்கிறார்களோ. ஒரே ஒரு தடவை, இதுதான் கடைசி என்று கட்டைவிரலை எடுத்து அழுத்தினான். புள்ளி அதே இடத்தில் இருந்தது.

உடனே பதில் வந்தது.

"இன்னும் கழட்டலையா?"